பின்னால இருக்கட்டும்

திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் எமுலேட்டரைக் கூப்பிடுவேன், அது வரமாட்டேன் என்று சொல்லும். எமுலேட்டர் என்றால் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஒரு செல்போனைத் திறந்து காட்டுகிற சமாச்சாரம். செல்போனுக்கு ஆப் செய்கிறவர்கள் அதில்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலில் அதன் பெயரைத் தட்டினால் போன் வரவேண்டும். எனக்கு வந்ததெல்லாம் ஒரு வரிதான், இஞ்சினைக் காணவில்லை என்று. மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினேன். மறுபடியும் அதே வரி. முதல் நாளே யாரிடமாவது போய் நிற்பதா என்று வீம்பு வேறு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். கீபோர்டைக் கொஞ்சம் ஓங்கித் தட்டியிருப்பேன் போலிருக்கிறது.

பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சுங்குடிப் புடவை, காதோரம் சொருகிய பேனா. டெஸ்டிங் பார்க்கிறவர். ஆபீஸில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், தெலுங்குக்காரர்கள் உட்பட.

"எந்த எமுலேட்டர கூப்புடற நீ?"

ஒன்றுதானே இருக்கிறது என்றேன். ரெண்டு கீது, கேட்டுப் பாரு என்றார். ஒரு புரோகிராம் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. தட்டினேன். ஒரே பெயருக்கு இரண்டு விலாசம் வந்தது. ஒன்று பழைய கருவிகள் கிடக்கும் ஃபோல்டரில், இன்னொன்று அதற்கென்றே உள்ள புது ஃபோல்டரில். பாத் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் தேடிப் போகவேண்டிய இடங்களின் வரிசை. பெயரைச் சொன்னால் முதல் இடத்தில் போய்ப் பார்க்கும். அங்கே அந்தப் பெயரில் ஒருவன் இருந்தால் போதும், நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்காது, அடுத்த இடத்துக்கும் போகாது. என் வரிசையில் பழையவன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் இஞ்சின் இல்லை.

சனியன் என்று சொல்லிக்கொண்டே பழைய ஃபோல்டரை அழிக்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து மௌஸை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"அத எதுக்குத் தூக்கற? அது பின்னால இருக்கட்டும். இத முன்னால கொண்டாந்து வை."

பாத்தைத் திறந்து புது வரியைப் பழைய வரிக்கு மேலே ஏற்றினேன். கறுப்பு ஜன்னலை மூடித் திறந்து பெயரைத் தட்டினேன். போன் வந்தது. அந்தப் பழைய ஃபோல்டரில்தான் புதுப் போன்களை உண்டாக்குகிற புரோகிராமும் இருந்தது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அழித்திருந்தால் சாயந்திரம் வரை உட்கார்ந்திருப்பேன்.

அக்காவுக்கு எதையும் தூக்கிப் போடத் தெரியாது. இடம் மாற்றத்தான் தெரியும். அவர் மேஜையில் எழுத்து அழிந்த கீபோர்டு இரண்டு, யாருடையதென்று தெரியாத சார்ஜர்கள், மூக்குடைந்த பிள்ளையார் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. நல்லது கைக்குப் பக்கத்தில், அரைகுறை அதற்குப் பின்னால், உதவாதது சுவரோரம். ஆபீஸில் எவருக்காவது ஏதாவது இல்லையென்றால் கடைக்குப் போகுமுன் அக்காவின் சுவரோரத்தைப் பார்ப்பார்கள். பாதி நாள் கிடைக்கும்.

ரயிலிலும் அதே கதைதான். நான் திருத்தணியில் ஏறுவேன். அக்கா பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில் புத்தூர் வந்து அங்கே ஏறுவார். அந்த நேரத்துக்கு உட்கார இடம் இருக்காது. அக்கா யாரையும் எழுந்திரு என்று சொன்னதில்லை. பெரியவரே நீங்க எங்க எறங்கறீங்க, தம்பி நீ எங்க என்று கேட்பார். ரேணிகுண்டாவில் இறங்குகிறவர்களை ஓரத்துக்கு வரவைப்பார், திருப்பதி வரை போகிறவர்களை ஜன்னல் பக்கம் தள்ளுவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். முதலில் இருந்தவர்களுக்கும் முன்பைவிடச் சௌகரியமாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு தடவை ஒருத்தர் முறைத்தார். அவரையும் அக்கா ஜன்னலோரத்துக்கு அனுப்பினார்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் குணம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவின் புருஷன் பெங்களூரில் இருந்தார். அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் தெரியும், அக்காவுக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், துன்னுவார், போவார். விட்டுத் தொலைத்தால் என்ன என்று ஒரு நாள் ரயிலில் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாதுதான். அக்கா செல்போனை எடுத்துக் காட்டினார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்று ஓர் இடம் இருக்குமே, அதில் முதலில் நைனா, அதாவது அவர் அப்பா, அப்புறம் மகன், அப்புறம் தம்பி, என் பெயர்கூட இருந்தது. கடைசியில் அந்த ஆள்.

"எடுத்துப் போட்டா இன்னா ஆவும்? எடம் காலியாவும். பின்னால இருந்துட்டுப் போறான். முன்னால இருக்கறவங்க யாருமே இல்லாத அன்னிக்கிப் பாத்துக்கலாம்."

இப்படி ஒருத்தி விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் அந்த மாதிரி ஆட்களுக்கு எப்போது புத்தி வரும் என்று நினைத்தேன். அன்று மீதி வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் ஓனர் அக்காவுக்கு நேர் எதிர். நல்ல மனுஷன், சுத்தப் பைத்தியம். மேஜையில் லேப்டாப்பும் தண்ணீர் பாட்டிலும் தவிர ஒன்றும் இருக்காது. எதைப் பார்த்தாலும் அவர் வாயில் வருவது 'தீசெய்யி', எடுத்துவிடு. அதற்கு அக்கா சொல்வது 'உண்டனிவ்வண்டி சார்', இருக்கட்டும் சார். இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் ஆபீஸ் ஓடியது.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது மாங்காய் விவசாயிகளுக்கான ஆப். சித்தூர்ப் பக்கம் மாங்காய்க் காலத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் நிற்கும். டோக்கன் எப்போது வரும் என்று தெரியாமல் வண்டிக்கடியிலேயே படுத்துக் கிடப்பார்கள், மேலே காய் பழுத்து ஒழுகும். உன் வண்டிக்கு முன்னால் எத்தனை வண்டி, எப்போது கிளம்பி வந்தால் போதும் என்று போனிலேயே சொல்கிற ஆப் அது. தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம். அவர்களுக்காகத்தான் தமிழ். தமிழ் எழுதுவதற்காகத்தான் திருத்தணியிலிருந்து நான்.

ஆறு கிராமத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் ஓனரிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். தமிழ் பேசுகிறவர்களில் ஒருவர்கூடத் தமிழைத் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லோரும் தெலுங்கைத் தொட்டார்கள். ஓனர் யோசிக்கவே இல்லை. தமிழைத் தீசெய்யி என்றார். அடுத்த வாரம் புத்தூர் மண்டியில் ஃபேக்டரிக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் செய்து காட்டவேண்டும், அதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். என்னைப் பார்த்து, மாசக் கடைசிக்கு மேல் என்ன செய்வது என்று பேசலாம் என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கவேண்டியதில்லை. அப்பாவுக்கு நூற்பாலை வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான்.

அன்று மீட்டிங்கில் அக்காவின் 'உண்டனிவ்வண்டி' வரவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ரயிலில் அக்கா மெதுவாகச் சொன்னார், எங்க நைனாவும் தெலுங்கதாம்மா தொடுவாரு என்று. வீட்டில் தமிழ் தவிர ஒரு பேச்சு கிடையாது, ஆனால் பள்ளிக்கூடம் தெலுங்கு. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, நைனாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அது வரை எனக்கு இது உறைக்கவே இல்லை. அக்கா எனக்கு அனுப்பிய செய்திகளெல்லாம் ஆங்கில எழுத்தில் வரும், ஆபீஸ் வழக்கம் என்று நினைத்திருந்தேன். பிச்சாட்டூரில் கல்யாணத்துக்கு மொய் எழுதினாலும் தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார்களாம்.

"அப்ப நம்ம ஆப்லயும் அப்டியே எழுதிடலாமே," என்றார். "தமிழு, ஆனா தெலுங்கு எழுத்து. அத முன்னால வெச்சிடு."

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. தமிழ் எழுத்தைத் தெலுங்கு எழுத்தாக மாற்ற நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். என் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்து, எங்கிருந்து கூப்பிட்டாலும் வரும்படி ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாத்தில் சேர்த்தோம். அதன் பெயர் மாத்து. முதலில் அது செய்தது கூத்து. தமிழில் க ஒன்றுதான். மாங்காயில் வருவதும் கடையில் வருவதும் ஒரே எழுத்து. தெலுங்கில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. என் புரோகிராம் எல்லாவற்றையும் கடையின் க ஆக்கிவிட்டது. அக்கா படித்துவிட்டு, "இன்னா இது, பல்லக் கடிச்சிக்கினு பேசற மாதிரி கீது," என்றார். நான் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கவேண்டும், அக்கா காதால் கேட்டுக் கையால் திருத்துவார். போகப்போக என் தமிழையும் திருத்த ஆரம்பித்தார். 'தங்கள் வாகனத்தின் முறை' என்று நான் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது எந்தக் கோயில் கல்வெட்டு என்று கேட்டார்.

புத்தூர் மண்டியில் மாங்காய்க் குவியல்களுக்கு நடுவில் இடம் ஒதுக்கி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஓனர் லேப்டாப்பில் எமுலேட்டரைத் திறந்து, பெரிதாகத் துணியில் காட்டுவதாக ஏற்பாடு. ஃபேக்டரி மேனேஜர் வந்து உட்கார்ந்துவிட்டார். காய் கொண்டுவந்திருந்த விவசாயிகள் நின்றார்கள். அவர்களில் தலைப்பாகைக்குப் பதில் துண்டு கட்டிய ஒல்லியான மனிதரைக் காட்டி, எங்க நைனா என்றார் அக்கா. ஓனரிடம் தமிழ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றார் அக்கா.

ஓனர் பெயரைத் தட்டினார். துணியில், ஆளுயரத்துக்கு, அந்த வரி வந்தது. இஞ்சினைக் காணவில்லை. மறுபடி தட்டினார், மறுபடி வந்தது. முந்தின நாள் சாயந்திரம் அவர் லேப்டாப்பைச் சுத்தம் செய்திருக்கிறார். பாத்தில் ஒரே மாதிரி இரண்டு வரி எதற்கென்று ஒன்றை எடுத்துவிட்டாராம். எடுத்தது புதியதை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயந்திரத்துக்குள் வேறு கம்பெனிக்காரர்களும் காட்ட வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா போய் லேப்டாப் முன்னால் குனிந்தார். பாத்தை நம்பி நிற்கவில்லை. டிரைவிலிருந்து ஆரம்பித்து, ஃபோல்டர் ஃபோல்டராக, புது எமுலேட்டரின் முழு விலாசத்தையும் தட்டினார். எங்கேயும் தேடாதே, இந்த வீட்டுக்கே போ என்று சொல்வதுதான் அது. துணியில் போன் எழுந்தது. அப்புறம் நிதானமாகப் பாத்தைத் திறந்து, எடுத்த வரியை முன்னால் சேர்த்தார். பழைய வரியைத் தொடவில்லை. ஓனர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆப் திறந்தது. முதல் மொழியாக நாங்கள் வைத்தது வந்தது. மேனேஜர் படித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எழுத்தெல்லாம் தெரிகிறது, வார்த்தை ஒன்றும் புரியவில்லை அவருக்கு. இது என்ன தெலுங்கு என்று ஓனரைக் கேட்டார். ஓனருக்கும் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். வேலை அங்கேயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து அக்காவின் நைனா படித்தார். எழுத்துக் கூட்டி, கொஞ்சம் சத்தமாக.

"உங்க வண்டிக்கு முன்னால இன்னும் நாலு வண்டி கீது."

திரும்ப ஒரு தடவை படித்தார். "கீதுன்னு போட்டுக்கீறாங்கடா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கூட்டம் சிரித்தது. ஆளாளுக்கு அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்கள். எழுபது வயது மனுஷர், தன் வாயில் வருகிற பேச்சை மொய் நோட்டுக்கு வெளியே எழுத்தில் அன்றுதான் பார்த்திருக்கிறார், அதுவும் அவ்வளவு பெரிதாக. மேனேஜருக்கு விஷயம் புரிந்தது. இவர்களில் பாதிப் பேர் எங்களுக்குக் காய் கொடுக்கிறவர்கள், இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஓனர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். வேனில் வரும்போது, அப்படியென்றால் தமிழ் எழுத்தில் இருப்பதை எடுத்துவிடலாமே என்று கேட்டார். உண்டனிவ்வண்டி என்றார் அக்கா. முதலில் தெலுங்கு எழுத்தில் தமிழ், அடுத்து தெலுங்கு, மூன்றாவதாக என் தமிழ். அப்படியே நின்றது.

என் வேலையும் நிலைத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்குள் தமிழ் எழுத்தில் எனக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. நகரியிலிருந்து ஒரு பெண் வந்தாள், தெலுங்கு எழுத்தில் நேராகத் தமிழ் எழுதுவாள், கெட்டிக்காரி. மாத்து என்ற அதே பெயரில் அவள் புதிதாக ஒரு புரோகிராம் எழுதினாள். மாங்காயின் க எது, கடையின் க எது என்று அதற்கே தெரியும். அக்கா அதைப் பாத்தில் முன்னால் வைத்தார். அன்று என் கோபத்தை நான் அடக்கவில்லை. உங்க வீட்டுக்காரர் மாதிரி என்னையும் பின்னால வெச்சிட்டீங்க என்றேன், எல்லோர் முன்னாலும்.

அக்கா முகம் கொஞ்சம் மாறியது. "ஆமா, பின்னாலதான் வெச்சேன். எடுத்துப் போடலியே," என்றார்.

சென்னையில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். கடைசி நாள் ரயிலில் அக்கா எனக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தார். இறங்கும் முன் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவோம், அதுவும் குறைந்துபோயிற்று. வருத்தமா என்று கேட்டால், இருந்தது. சும்மா சொல்லவில்லை, ரொம்ப நாள் இருந்தது.

போன மாங்காய்க் காலத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். நகரிப் பெண்தான், அவளுக்கு என்னை அவ்வளவாகப் பழக்கமில்லை. ஓனர் ஏதோ சில ஃபோல்டர்களைச் சுத்தம் செய்ததில் அவளுடைய மாத்து போய்விட்டதாம், வேறு பிரதியும் இல்லையாம். ஃபேக்டரி நேரம் மாற்றியிருக்கிறது, டிராக்டர்கள் ரோட்டில் நிற்கின்றன, புது அறிவிப்பு உடனே போகவேண்டும். பதற்றத்தில் பழக்கதோஷத்தில் மாத்து என்று தட்டியிருக்கிறாள். வேலை செய்தது. எப்படி என்று பார்த்தால் வரிசையின் கடைசியில் என் பெயர் போட்ட ஃபோல்டர்.

"க எல்லாம் அழுத்தமா வருதுக்கா. அது ஒண்ணுதான். எங்க மாத்தணும்னு அக்கா உங்களக் கேக்கச் சொன்னாங்க."

லேப்டாப்பைத் திறந்துகொண்டேன். எந்த வரி என்று எனக்கு ஞாபகம் இருந்தது, அதுதான் ஆச்சரியம். சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பக்கம் தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"கீறாளா?"

"கீறேன்னு சொல்லு," என்றேன்.